ஏட்டுக்கு வெளியே கிடக்கும் சான்று: மட்டக்களப்பும் மின்மருத்துவப் பதிவின் தரமும்

மாரி இறங்கிப் பெரும்போக வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து காய்ச்சலோடு வரும் ஒரு விவசாயியை எண்ணிப் பார்ப்போம். உடம்பெல்லாம் உளைவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று வைத்தியர் உடனே மருந்தைத் தொடங்கிவிடுகிறார். இரத்த மாதிரி கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகிறது. நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டதும் துண்டு வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்குப் படுக்கைச் சீட்டில் ‘காய்ச்சல்’ என்ற ஒரு சொல் மட்டும் எழுதப்பட்டிருந்தால், பதிவறையில் அது சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தப்படி ஆர் 50 ஆகிவிடும். காரணம் துலங்காத காய்ச்சலுக்கு உரிய குறியீடு அது. எலிக்காய்ச்சலுக்கு உரியது ஏ 27. பரிசோதனை முடிவு வந்து சேரும் நேரத்தில் நோயாளி மீண்டும் வயலில் நிற்பார். கணினியில் அவருடைய வரி மூடப்பட்டிருக்கும். அந்த வரியில் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. பெயர், வயது, பால், கிராம சேவகர் பிரிவு, சேர்ந்த நாள், வெளியேறிய நாள், குறியீடு எல்லாம் ஒழுங்காக நிரம்பியிருக்கின்றன. எந்த மென்பொருளும் அதைப் பிழை என்று காட்டாது.

மின்மருத்துவப் பதிவின் தரத்தைப் பற்றி இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்: ஏட்டின் தரத்தை ஏட்டுக்குள் இருந்துகொண்டு அளந்து முடிக்க முடியாது. அதே ஆளைப் பற்றி வேறொருவர், வேறோர் இடத்தில், வேறொரு தேவைக்காக எழுதியதோடு அதை ஒப்பிட வேண்டும். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் அப்படி எழுதப்படும் ஏடுகள் பல தலைமுறையாக உண்டு. கணினிமயமாக்கலின் அவசரத்தில் அவை ‘பழைய காகித வேலை’ என்று ஒதுக்கப்படுமோ என்பதே என் கவலை.

இலங்கை இந்தத் துறையில் பின்தங்கிய நாடு அல்ல. அரச வைத்தியசாலைகளில் தங்கிச் சிகிச்சை பெறுவோரின் நோய், இறப்பு விபரங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை காகிதத்தில் தொகுத்து அனுப்பிய முறை இன்று இணையவழிப் பதிவாகிவிட்டது. கம்பஹா மாவட்டத்தின் தொம்பே வைத்தியசாலை கணினிமயமான வைத்தியசாலைக்கு ஆரம்பகால முன்மாதிரியாகப் பேசப்பட்டது. தாய்சேய் நல விபரங்கள் டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்தமூல மென்பொருளில் சேர்கின்றன. 2020இன் தொடக்கத்தில் கொவிட் தொற்றைப் பின்தொடர அதே மென்பொருளில் இலங்கையர் எழுதிய வடிவத்தைப் பின்னர் வேறு பல நாடுகளும் எடுத்துக்கொண்டன. ஆகவே கணினி வேண்டுமா என்ற கேள்வி முடிந்துபோன ஒன்று. வந்து சேரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் மிச்சம்.

இந்தக் கேள்விக்கு உலக அளவில் ஒரு சொற்தொகுதி உருவாகியிருக்கிறது. நிக்கோல் வைஸ்காஃப், சுன்ஹுவா வெங் ஆகிய இருவரும் 95 ஆய்வுக் கட்டுரைகளை அலசி 2013இல் வெளியிட்ட தொகுப்பு, பதிவின் தரத்தை ஐந்து முகங்களில் பார்க்கச் சொல்கிறது: முழுமை, சரித்தன்மை, பதிவுகளுக்கு இடையிலான இணக்கம், நம்பத்தக்க தன்மை, காலத்தோடு ஒட்டியிருத்தல். ஐந்தும் ஒரே எடை உள்ளவை போலத் தோன்றினாலும் அளக்கும் செலவில் அவை ஒன்றல்ல. முழுமையை ஒரு கட்டளையில் எண்ணிவிடலாம். சரித்தன்மையை அறிய யாராவது எழுந்து படுக்கைச் சீட்டைத் தேடிப் போக வேண்டும். அதனால்தான் தர அறிக்கை என்று வருவனவற்றில் பெரும்பாலும் முழுமையின் சதவீதமே முன்னால் நிற்கிறது. அந்தச் சதவீதத்தை உயர்த்த எளிய வழியும் இருக்கிறது. கட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டால் போதும். பிறந்த திகதி தெரியாதவருக்கு ஜனவரி 1 விழும். வயது 60, 65, 70 என்று வட்ட எண்களில் போய்க் குவியும். அளக்காத இரத்த அழுத்தம் 120க்கு 80 ஆகும். வெறுமையாக விட்ட கட்டம் ‘தெரியாது’ என்று நேர்மையாகச் சொல்கிறது. கட்டாயத்துக்கு நிரப்பிய கட்டமோ அந்தத் தெரியாமையை மறைத்துவிடுகிறது. முழுமை 100 சதவீதம் என்று ஓர் அறிக்கை சொன்னால் அதைப் பாராட்டுவதற்கு முன் ஜனவரி 1இல் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய சோதனைகளுக்கும் பயன் உண்டு. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வந்த புதிய இலக்கம் 12. பழைய இலக்கத்தின் முன்னே 19ஐச் சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியத்தைச் செருகினால் பழையது புதியதாகிவிடும். இதைக் கொண்டு இரண்டு காரியம் செய்யலாம். ‘ஆண்’ என்று பதிந்த ஒருவரின் இலக்கத்தில் நாள் 612 என்று நின்றால் எங்கோ பிழை. வயது 40 என்றும் இலக்கம் 1950 என்றும் சொன்னால் இரண்டில் ஒன்று தவறு. ஒருமுறை பழைய அட்டையோடும் மறுமுறை புதிய அட்டையோடும் வந்தவர் கணினியில் இருவராகிவிடுவதையும் இதனால் கண்டுபிடிக்கலாம். ஆனால் சிறுவருக்கு அட்டையே இல்லை. பெரியவர்களிலும், தாயின் அவசரத்துக்கு மகளின் அட்டையைக் காட்டியிருந்தால் இலக்கமும் பாலும் அழகாகப் பொருந்தும். ஆள் மட்டும் வேறு.

பெயரோ இதைவிடச் சிக்கல். தமிழில் ஒரே விதமாக எழுதப்படும் பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போது பல உருவம் எடுக்கும். விக்னேஸ்வரனை நான்கு விதமாக எழுதலாம். முகம்மது என்பதற்கு அதைவிட அதிகம். தந்தை பெயர் முதலெழுத்தாக முன்னே ஒட்டுவதும், சில வேளை பின்னே போவதும், திருமணத்துக்குப் பின் கணவரின் எழுத்தாக மாறுவதும் நமக்கு இயல்பு. குடும்பப் பெயர் என்று தனிக் கட்டம் வைத்திருக்கும் மென்பொருளுக்கு அது புரியாது. தமிழ் எழுத்திலேயே பெயரைப் பதிய ஒரு கட்டம் கூட இருந்தால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பெயர்க் குழப்பத்தின் விளைவு எண்ணிக்கையில் விழுகிறது. வாகரையில் சேர்ந்து, வாழைச்சேனைக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் ஒரு நோயாளி மூன்று சேர்க்கை, மூன்று வெளியேற்றம். நாட்டின் புள்ளிவிபரம் எண்ணுவது வெளியேற்றங்களை. ஆளை எண்ணுவதற்கென்றே 11 இலக்கத் தனிநபர் சுகாதார இலக்கம் வகுக்கப்பட்டிருக்கிறது. தட்டச்சுப் பிழையைப் பிடிக்க அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காக வைக்கப்பட்டது. அது எல்லா வாசலிலும் பயன்படும்வரை, தூரத்தில் இருப்பவர் அதிகம் நோயுற்றவராகவும் நகரத்தில் இருப்பவர் குறைவாக நோயுற்றவராகவும் ஏட்டில் தோன்றும் ஆபத்து நீங்காது. மாற்றங்கள் தொலைவில்தானே கூடுதல்?

பதிவுப் பிழையைப் பற்றிப் பேசும்போது அது கண்டபடி சிதறியிருக்கும், பெரிய தொகையில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று கருதுவோர் உண்டு. புள்ளியியலாளர் சிலரும் இப்படிச் சொல்வார்கள். தராசு சில வேளை கூடவும் சில வேளை குறையவும் காட்டினால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் இங்கே தராசு ஒரு பக்கமாகவே சாய்கிறது. 14 பிரதேச செயலகப் பிரிவுகள் கொண்ட இந்த மாவட்டத்தை வாவி நீளவாக்கில் பிளக்கிறது. கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. பெரிய வைத்தியசாலைகளும் நெடுஞ்சாலையும் அந்தப் பக்கம். மேற்கே வயலும் குளமும் காடுமாகப் படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தும் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே இன்னும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்கிறார்கள். வெள்ளம் வந்தால் வீதி மூழ்கும். அப்போது நோய் கூடும், நோயாளி வைத்தியசாலைக்கு வருவது குறையும். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பெருவெள்ளம் மட்டக்களப்பை மூழ்கடித்தது போன்ற வாரங்களில் வரைபடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தால், அது நோயின் பள்ளமா, பாதையின் பள்ளமா? பதிவு வராத வாரமும் நோய் இல்லாத வாரமும் ஏட்டில் ஒரே பூச்சியமாகவே நிற்கும்.

இந்த இடத்தில் நமது சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு நல்ல வேலையைச் சொல்ல வேண்டும். அது வெளியிடும் வாராந்த அறிக்கையின் அட்டவணையில், ஒவ்வொரு சுகாதாரப் பிராந்தியத்துக்கும் எதிரே நோயாளிகளின் எண்ணிக்கை இருக்கும். மட்டக்களப்பு ஒரு வரி. கல்முனை தனி வரி. அதே வரியின் கடைசியில் இரண்டு சதவீதங்கள்: அறிக்கைகள் குறித்த நேரத்தில் வந்தனவா, எத்தனை வந்தன. எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணின் பலவீனத்தையும் அச்சிடுவது எளிய காரியம் போலத் தோன்றும். கணினித் திரையில் வண்ண வரைபடங்களாக வரும் இன்றைய அறிக்கைகள் பலவற்றில் அந்தப் பழக்கம் காணாமல் போயிருக்கிறது.

ஏட்டில் இருப்பது நோயாளியின் உடல்நிலை மட்டுமல்ல, வைத்தியசாலையின் நடத்தையும்தான் என்பதற்கு 2018இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த பொஸ்டன் ஆய்வைப் போல வேறு சான்று இல்லை. ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள், 272 வகை ஆய்வுகூடப் பரிசோதனைகள். முடிவு என்னவாக வந்தது என்பதை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, பரிசோதனை கேட்கப்பட்டதா என்பதை மட்டும் பார்த்தார்கள். 272இல் 233 பரிசோதனைகளில், கேட்கப்பட்டது என்ற ஒன்றே நோயாளி மூன்று ஆண்டு உயிரோடு இருப்பாரா என்பதோடு தொடர்பு கொண்டிருந்தது. நள்ளிரவில் இரத்தம் எடுக்கச் சொன்னால் முடிவு வருவதற்கு முன்பே அந்த வைத்தியர் எதையோ கண்டு பயந்திருக்கிறார் என்று பொருள். எல்லா வசதியும் உள்ள பொஸ்டனிலேயே இப்படி. பரிசோதனை ஓர் ஊரில் இருந்து அடுத்த ஊரில் இல்லாத இடத்தில், நோயின் வரைபடம் என்று நாம் வரைவது ஆய்வுகூடங்களின் வரைபடமாகவே அமைந்துவிடலாம்.

மெலியோய்டோசிஸ் என்ற மண்வழித் தொற்று இதற்கு நம் நாட்டுச் சான்று. சேற்றிலும் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வருவது. நீரிழிவு உள்ளவரைக் கடுமையாகத் தாக்கும். இலங்கையில் 1927இலேயே முதல் நோயாளி பதியப்பட்டும், அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பதிவுகளே இருந்தன. 2006க்குப் பின் கொழும்பு மருத்துவ பீட நுண்ணுயிரியலாளர்கள் தேடத் தொடங்கியதும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும், மட்டக்களப்பு உட்பட, நோயாளிகள் வெளிப்பட்டார்கள். கிருமி புதிதாக வந்து இறங்கவில்லை. அதுவரை ‘நிமோனியா’, ‘இரத்தத்தில் கிருமி’, ‘கட்டி’ என்ற குறியீடுகளுக்குள் அது ஒளிந்திருந்தது என்றே கொள்ள வேண்டும். அந்த ஆண்டுகளின் ஏடுகள் எவ்வளவு முழுமையாக இருந்திருந்தாலும், கட்டங்களை எத்தனை முறை சரிபார்த்திருந்தாலும், அந்த நோய் அவற்றிலிருந்து வெளிவந்திராது. வேறொரு மேசையில் வளர்த்த கிருமிதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

பாம்புக்கடியில் இடைவெளி இன்னும் பெரிது. மொனராகலை மாவட்டத்தில் மரணப் பதிவுகளை வைத்தியசாலைக் கணக்கோடு ஒப்பிட்டு 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாம்புக்கடி மரணங்களில் பாதிக்கு மேல் வைத்தியசாலைக் கணக்குக்கு வராமலே போயிருந்ததைக் கண்டது. பின்னர் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் 1,65,000க்கு மேற்பட்டவர்களிடம் விசாரித்து 2016இல் வெளியான கணிப்பு, ஓர் ஆண்டில் சுமார் 80,000 பேர் கடிபட்டதாகவும் 400க்கு மேல் இறந்ததாகவும் மதிப்பிட்டது. வைத்தியசாலை ஏடு இந்தத் தொகையை எட்டவில்லை. கடிபட்டவர் விஷகடி வைத்தியரிடம் போயிருப்பார், வழியில் இறந்திருப்பார். வந்து சேர்ந்தவரின் பதிவிலும் சொல் தடுக்கும். கண்ணாடி விரியனும் விரியன்தான், கட்டு விரியனும் விரியன்தான். முன்னது இரத்தத்தைக் குலைக்கும். பின்னது நரம்பை முடக்கி மூச்சை நிறுத்தும். தமிழ் தெரியாத ஒருவர் அகராதியைப் பார்த்து ‘விரியன்’ என்பதை ஆங்கிலத்தின் ‘வைப்பர்’ என்று எழுதிவிட்டால் கட்டம் நிரம்பிவிடும். கட்டு விரியனோ நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தப் பிழையைக் கணினி பிடிக்காது. ‘என்ன விரியன்?’ என்று நோயாளியின் மொழியில் திருப்பிக் கேட்கும் ஒருவரால்தான் பிடிக்க முடியும்.

நோயாளியின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வகுக்கும் எண் பிழையாக இருக்கலாம் என்பதையும் ஒரு சொல்லில் சொல்லிவிட வேண்டும். போரினால் 2001 குடிசன மதிப்பீடு மட்டக்களப்பில் முழுமையாக நடக்கவில்லை. 1981க்கும் 2012க்கும் இடைப்பட்ட 31 ஆண்டுகளில் இங்கே நோய்வீதம் என்று கணித்தவற்றில் பெரும்பாலானவை, இடம்பெயர்ந்தும் மீள்குடியேறியும் நகர்ந்துகொண்டிருந்த மக்கள்தொகையைப் பற்றிய ஊகத்தின் மேல் நின்றன.

இனி, ஒப்பிடுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? விடுதியில் எலிக்காய்ச்சல் அல்லது டெங்குச் சந்தேகம் எழுந்த உடனேயே, முடிவுக்குக் காத்திராமல், எச் 544 என்ற அறிவித்தல் படிவம் நோயாளியின் ஊருக்குப் பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போக வேண்டும். அங்கே பெயர் ஏட்டில் ஏறும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முகவரியைத் தேடி வீட்டுக்குப் போவார். ஆள் உண்டா, எப்போது காய்ச்சல் தொடங்கியது, எங்கே வேலை, முடிவு என்ன வந்தது என்று கேட்டு எச் 411 படிவத்தில் எழுதுவார். அந்த ஊரில் அப்படி ஒருவர் இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும். நோயாளி சிகிச்சைக்காக நகரத்து உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்திருப்பார். உறுதியானவர்கள் வாராந்த எச் 399இல் கொழும்புக்குப் போவார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் ஆர் 50 ஆகிப்போன விவசாயி இந்த ஏட்டில் எலிக்காய்ச்சல் நோயாளியாகவே இருப்பார். ஒரே ஆள், இரண்டு ஏடு, இரண்டு நோய். இந்த முரண்பாட்டைக் குறை என்று பார்க்கக் கூடாது. தரத்தை அளக்க நமக்குக் கிடைத்த அளவுகோலே அதுதான். குடும்பநல மாது கொண்டுசெல்லும் கர்ப்பிணிப் பதிவு, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, நோயாளி பையில் சுருட்டி வைத்திருக்கும் கிளினிக் கொப்பி எல்லாமே அப்படிப்பட்டவை.

இரண்டு ஏடுகளை ஒப்பிட்டு இரண்டிலும் இல்லாதவர்களையும் கணிக்கும் வழி தெற்காசியாவிலேயே சோதிக்கப்பட்டது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து சி. சந்திரசேகரனும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல் அதை வெளியிட்டார்கள். எடுத்துக்காட்டாக, ஓர் ஏட்டில் 60 பேர், மற்றதில் 50 பேர், இரண்டிலும் பொதுவாக 30 பேர் என்று வைப்போம். 60ஐ 50ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 100. கண்ணில் பட்டவர்கள் 80. மிச்சம் 20 பேர் எந்த ஏட்டிலும் இல்லை. இரண்டு ஏடும் ஒன்றையொன்று சாராமல் எழுதப்பட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அறிவித்தல் படிவமும் படுக்கைச் சீட்டும் ஒரே விடுதியில் பிறப்பவை என்பதால் ஒன்றில் தப்பியவர் மற்றதிலும் தப்ப இடமுண்டு. கிடைக்கும் தொகை குறைவாகவே வரும். ஆனாலும் ஆகக் குறைந்தது இவ்வளவு என்று சொல்ல அது போதும்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்பது நியாயமான ஆட்சேபம். விடுதியில் தாதியர் தட்டுப்பாடு. பதிவறையில் ஒருவர் பலருடைய வேலையைச் செய்கிறார். பரிசோதகருக்கு நுளம்புப் பெருக்க இடங்களைத் தேடவே நேரம் போதாது. இவர்கள் தலையில் இன்னொரு படிவத்தை ஏற்றச் சொல்லும் எந்த யோசனையும் தோற்றுப்போகும், தோற்கவும் வேண்டும். ஆனால் எல்லாப் பதிவையும் ஒப்பிட வேண்டியதில்லை. மாதம் 50 படுக்கைச் சீட்டைக் குலுக்கல் முறையில் எடுத்து, படுவான்கரையிலிருந்து வந்தவற்றைக் கூடுதலாகச் சேர்த்து, அறிவித்தல் ஏட்டோடு ஒத்துப் பார்ப்பது ஓரிரு நாள் வேலை. யாரும் திறக்காத கட்டாயக் கட்டங்கள் சிலவற்றை நீக்கினால் அந்த நேரம் கிடைத்துவிடும். குறைபாடுள்ள தரவாவது இருக்கட்டுமே, ஒன்றும் இல்லாததைவிட மேல் என்பார்கள். எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அது மேல். டச்சு மருத்துவத் தகவலியலாளர் யோஹான் வான் டெர் லெய் 1991இலேயே எச்சரித்தது இதைத்தான்: எந்த நோக்கத்துக்காகச் சேர்த்தோமோ அதற்கு மட்டுமே தரவு பொருந்தும். கட்டில் எத்தனை நிரம்பியது என்று அறிய ஆர் 50 தாராளமாகப் போதும். எந்தக் கிராமத்து விவசாயிக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று முடிவெடுக்க அது போதாது.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று: துண்டு வெட்டிய பின்னும் நோய்க்குறியீட்டைத் திருத்த ஒரு வழியைத் திறந்து வைப்பது. பழைய குறியீடு அழியக் கூடாது; யார், எந்த நாளில், எந்தப் பரிசோதனை முடிவை வைத்து மாற்றினார் என்பது பக்கத்திலேயே நிற்க வேண்டும். பொரளையிலிருந்து வரும் முடிவு விடுதிக்குப் போகும்போதே பதிவறைக்கும் நோயாளியின் ஊர்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போக வேண்டும். அப்போது ஆண்டு முடிவில் ஆர் 50இலிருந்து ஏ 27க்கு எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்று எண்ணலாம். எந்தக் கரையிலிருந்து நகர்ந்தார்கள் என்றும் எண்ணலாம்.